போரிங் போடாமலே ஓர் அம்பாசிடர்!

(மூன்றாம் ஆண்டு, மெக்கானிக்கல்)

மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று கேட்டபோது வகுப்பில் முக்கால்வாசிப் பேர் கவிதைக்குப் பேர் கொடுத்துவிட்டார்கள். எனக்குக் கவிதை வராது. போன வருஷம் முழுக்க எனக்கு வந்ததெல்லாம் நீலப் புகைதான். அதைப் பற்றியே எழுதுகிறேன்.

எங்கள் அப்பா கல்யாணச் சமையல்காரர். எங்கள் பக்கம் தவசிப்பிள்ளை என்பார்கள். கோவில்பட்டி, கழுகுமலை, சங்கரன்கோவில் வட்டாரத்தில் எங்கே முகூர்த்தம் என்றாலும், முந்தின நாள் மத்தியானமே எங்கள் 1985 மாடல் பெட்ரோல் அம்பாசிடர் கிளம்பிவிடும். மேலே கேரியரில் அண்டா, டிக்கியில் கரண்டி, வடைச்சட்டி, அரிவாள்மனை, பின்சீட்டில் மூன்று கையாட்கள். இத்தனையும் ஏற்றிக்கொண்டு முனகாமல் போகிற வண்டி அது.

போன ஐப்பசியில் முனக ஆரம்பித்தது. லோடோடு சின்ன மேடு வந்தாலே செகண்ட் கியர். 250 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் ஆயில் குடித்தது. பின்னால் நீலமாகப் புகை. ஒரு கல்யாண வீட்டில் பெண்ணுக்குத் தகப்பனார் பந்தலுக்கு வெளியே வந்து, "என்ன ஓய், அடுப்பை வண்டிக்குள்ளேயே பத்த வச்சுட்டீரா?" என்று கேட்டுவிட்டார். அப்பா சிரித்தார். ஆனால் அன்று ராத்திரி சாப்பிடவில்லை. புகைப் பரிசோதனையிலும் வண்டி தேறவில்லை.

டவுனில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினோம். பானெட்டைத் திறந்து, ஆக்சிலேட்டரை ஒரு மிதி மிதித்துவிட்டு, "ஃபுல் எஞ்சின் பண்ணணும். போரிங், பிஸ்டன் செட், கிராங்க் கிரைண்டிங், எல்லாம் சேர்த்து 48,000" என்றார்கள். பழைய இரும்புக் கடைக்காரர் வேறு இரண்டு தடவை வீட்டுப் பக்கம் வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனார். அப்பா கையில் இருந்தது சீட்டு எடுத்த பணம் 15,000. மார்கழியில் முகூர்த்தம் கிடையாது. தை முதல் முகூர்த்தத்துக்கு அட்வான்ஸ் வாங்கியாகிவிட்டது. வாடகை வண்டி பிடித்தால் சமையல் கூலியில் பாதி வாடகைக்கே போய்விடும்.

"நீ எஞ்சினைப் பத்தித்தானே மூணு வருஷமாப் படிக்கிறே?" என்று அப்பா கேட்டார். வைவாவில் எக்ஸ்டர்னல் கேட்ட எந்தக் கேள்விக்கும் எனக்கு இப்படி வியர்த்ததில்லை.

எங்கள் தெருக்கோடியில் ஒரு மெக்கானிக் அண்ணாச்சி இருக்கிறார். வயது அறுபதைத் தாண்டியவர். அம்பாசிடரைத் தவிர வேறு வண்டி தொடமாட்டார். வேலையெல்லாம் நான் செய்வது, அவர் பக்கத்தில் நின்று சொல்வது, கூலி 3,000 என்று பேச்சு. அவர் முதல் நாள் சொன்னது இது: "தம்பி, முதல்ல ஸ்பானரை எடுக்காதே. கேஜை எடு. எது கெட்டிருக்குன்னு தெரியாம கழட்டினா எல்லாத்தையும் மாத்தத்தான் தோணும்."

எஞ்சினைப் பற்றி இரண்டு வரி. அம்பாசிடரின் 1489 சிசி பெட்ரோல் எஞ்சின், இங்கிலாந்தின் பிஎம்சி பி-சீரிஸ் வகை. போர் 73.025 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 88.9 மில்லிமீட்டர், நான்கு சிலிண்டர். கணக்குப் போட்டுப் பாருங்கள், 1489 சரியாக வரும். 1955-இல் வந்த எம்ஜிஏ என்ற ஸ்போர்ட்ஸ் காரிலும் இதே குடும்பத்து எஞ்சின்தான். அப்பா அண்டா ஏற்றுகிற வண்டிக்கும் அதற்கும் ஒரே பாட்டன்! பிளாக்கும் ஹெட்டும் காஸ்ட் அயர்ன். 2014-இல் உத்தர்பாராவில் உற்பத்தி நின்றுபோனாலும், கேஸ்கெட், ரிங், பேரிங் இன்னும் கிடைக்கிறது. இங்கே இல்லாததைச் சென்னை புதுப்பேட்டையில் தேடலாம்.

முதலில் கம்ப்ரஷன் டெஸ்ட். எஞ்சினை நன்றாகச் சூடாக்கி, நான்கு பிளக்கையும் கழற்றி, ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்தபடி ஸ்டார்ட்டரை ஐந்தாறு சுற்றுச் சுற்ற வேண்டும். த்ராட்டில் மூடியிருந்தால் காற்றே உள்ளே போகாமல் ரீடிங் பொய் சொல்லும். எங்களுக்கு வந்தது ஒன்றாம் சிலிண்டரில் 115 பவுண்டு, இரண்டில் 80, மூன்றில் 90, நான்கில் 110. அப்புறம் ஒவ்வொரு பிளக் ஓட்டையிலும் ஒரு சின்னக் கரண்டி ஆயில் விட்டு மறுபடி எடுத்தோம். ஆயில் ரிங்கைச் சுற்றி நின்று கொஞ்ச நேரத்துக்கு அடைப்புக் கொடுக்கும். வால்வுக்கு அது உதவாது. இதுதான் சூட்சுமம். ஒன்று 130, மூன்று 120, நான்கு 128 என்று ஏறின. இரண்டு மட்டும் 88-இல் நின்றுவிட்டது.

அதாவது ரிங் எல்லாமே தேய்ந்திருக்கிறது. இரண்டாம் சிலிண்டரில் அதோடு வால்வும் போயிருக்கிறது. ஒரே நாளில், ஒரு ரூபாய் செலவில்லாமல் இவ்வளவு தெரிந்துவிட்டது. புகையைப் பார்த்தும் கொஞ்சம் சொல்லலாம். லோடில் இழுக்கும்போது நீலப்புகை என்றால் பெரும்பாலும் ரிங். ரொம்ப நேரம் ஐடிலில் நிற்கவிட்டுக் கிளப்பும்போதோ, இறக்கத்தில் காலை எடுத்து மறுபடி மிதிக்கும்போதோ குப்பென்று வந்தால் வால்வு கைடு, சீல். எங்களுக்கு இரண்டும் உண்டு.

வேப்பமரத்துக் கிளையில் செயின் பிளாக் கட்டி எஞ்சினை வெளியே எடுத்தோம். ஹெட்டைத் தூக்கியதும் இரண்டாம் சிலிண்டர் எக்ஸாஸ்ட் வால்வின் ஓரத்தில் பிறை மாதிரி எரிந்து போயிருந்தது தெரிந்தது. ஏன் எரிந்தது என்று அண்ணாச்சி கேட்டார். நான் புத்தகத்தில் படித்ததை ஒப்பித்தேன். "அதெல்லாம் சரி. இந்த வால்வு ஏன்?" என்றார்.

அதற்கான பதில் இரண்டு இடத்தில் இருக்கிறது. ஒன்று, இந்த ஹெட்டில் இரண்டு, மூன்று சிலிண்டர்களின் எக்ஸாஸ்ட் நடுவில் ஒரே போர்ட் வழியாக வெளியேறுகிறது. அதனால் அந்த இடம் எப்போதும் கூடுதல் சூடு. இன்னொன்று பெட்ரோல். ஈயம் கலந்த பெட்ரோலை நம் நாட்டில் 2000 பிப்ரவரி முதல் நிறுத்திவிட்டார்கள். நம் உடம்புக்கு நல்ல காரியம்தான். ஆனால் அந்த ஈயம் வால்வு உட்காரும் சீட்டின் மேல் ஒரு மெல்லிய படலமாகப் படிந்து தேய்மானத்தைத் தடுத்துக்கொண்டிருந்தது. இந்த ஹெட்டில் சீட்டைத் தனியாகப் பதித்திருக்க மாட்டார்கள். அதே காஸ்ட் அயர்னில் வெட்டியதுதான். ஈயம் போனபின் எக்ஸாஸ்ட் சீட் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து, வால்வு ஹெட்டுக்குள் அமுங்குகிறது. அமுங்க அமுங்க டேப்பெட் இடைவெளி குறைகிறது. இடைவெளி பூஜ்யமானதும் வால்வு முழுக்க மூடாது. மூடாத வால்வு தன் சூட்டைச் சீட்டுக்குக் கடத்த முடியாமல் எரிகிறது.

இதில் வேடிக்கை என்னவென்றால், டேப்பெட் சத்தம் கேட்டால் எல்லோரும் பயப்படுகிறோம். சத்தமே இல்லாத டேப்பெட்தான் இந்த எஞ்சினுக்கு ஆபத்து. எங்கள் வண்டி கடைசி ஒரு வருஷம் ரொம்ப 'ஸ்மூத்தாக' ஓடியது என்று அப்பா பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்!

சரி, ரிங் தேய்ந்தது உறுதி. போரிங் போடணுமா, வேண்டாமா? 48,000-க்கும் 15,000-க்கும் நடுவில் நிற்கிற கேள்வியே இதுதான். போரிங் போட்டால் ஓவர்சைஸ் பிஸ்டன் நான்கு வாங்கியாக வேண்டும். பணம் அங்கேதான் பறக்கிறது. நம் மெட்ராலஜி லேபில் போர் டயல் கேஜ் இருக்கிறது. அதை வெளியே கொடுக்க மாட்டார்கள். பிளாக்கை நான் பஸ்ஸில் தூக்கிக்கொண்டு வரவும் முடியாது. அப்போது அண்ணாச்சி காட்டிய வித்தையை இங்கே முழுசாக எழுதுகிறேன். ஃபீலர் கேஜ் ஒன்று இருந்தால் போதும்.

பழைய மேல் ரிங் ஒன்றை எடுத்து வெறும் சிலிண்டருக்குள் விட்டு, பிஸ்டனைத் தலைகீழாக வைத்துத் தள்ளினால் ரிங் கோணாமல் நேராக உட்காரும். ரிங் ஓடாத அடிப்பகுதியில் வைத்து, ரிங்கின் இரண்டு முனைக்கும் நடுவே இருக்கும் இடைவெளியை அளந்தோம். 0.75 மில்லிமீட்டர். அதே ரிங்கை மேலே, ரிங் வந்து திரும்பும் இடத்துக்குக் கொண்டுவந்து அளந்தோம். 1.15. வித்தியாசம் 0.40. இது சுற்றளவில் வந்த வித்தியாசம். விட்டத்துக்கு 3.14-ஆல் வகுக்க வேண்டும். 0.127 மில்லிமீட்டர். அவ்வளவுதான் சிலிண்டர் தேய்மானம்! எட்டாம் வகுப்புக் கணக்கு. ரிங்கே தேய்ந்த ரிங் என்பதால் 0.75 என்ற எண்ணுக்கு அர்த்தமில்லை, வித்தியாசம்தான் முக்கியம்.

ஒரு குறை உண்டு. இந்த முறை சராசரி விட்டத்தைத்தான் சொல்லும், சிலிண்டர் எவ்வளவு கோழிமுட்டையாகி இருக்கிறது என்று சொல்லாது. பிஸ்டன் பக்கவாட்டில்தான் அதிகமாக அழுத்துகிறது, ஆகவே அந்தத் திசையில் தேய்மானம் கூடும். லேத் பட்டறைக்காரர் இன்சைட் மைக்ரோமீட்டர் வைத்துப் பார்த்தார். மோசமான சிலிண்டரில் அழுத்தம் விழும் திசையில் 73.17, குறுக்கே 73.12. சராசரி 73.145. புது அளவான 73.025-ஐக் கழித்தால் 0.12. என் ரிங் கணக்கும் அவர் கருவியும் கிட்டத்தட்ட ஒன்று. எனக்கு ஆகாயத்தில் மிதக்கிற மாதிரி இருந்தது.

இந்த அளவு போருக்கு 0.2 மில்லிமீட்டர் தேய்மானத்தைத் தாண்டினால் போரிங் போட்டே ஆகணும் என்பது பட்டறை வழக்கு. எங்களுடையது அதிகபட்சமே 0.145. எனவே புது ரிங் மட்டும் போதும். புது எஞ்சின் மாதிரி இருக்குமா? இருக்காது. ரிங் மேலே வரும்போது விரிந்து, கீழே போகும்போது சுருங்கிக்கொண்டுதான் ஓடும். ஆனால் சில வருஷம் நிம்மதியாக ஓடும். புது ரிங்கின் இடைவெளியைச் சிலிண்டரின் குறுகலான அடிப்பகுதியில் வைத்துத்தான் பார்க்க வேண்டும் என்பதும் இதனால்தான். மேலே வைத்து 0.3 என்று சரி செய்துவிட்டால், கீழே போகும்போது முனைகள் முட்டி ரிங் உடையும்.

இன்னொரு கண்ணி மேலே இருக்கிறது. ரிங் எட்டாத உச்சியில் சிலிண்டர் தேயாமல் ஒரு விளிம்பு நிற்கும். விரல் நகத்தால் தடவினாலே தட்டும். பழைய ரிங் அந்த விளிம்புக்கு ஏற்ற மாதிரி ஓரம் மழுங்கிப் போயிருக்கும். கூரான ஓரமுள்ள புது ரிங் நேராக அதில் போய் முட்டும். ரிங் மாற்றிய வண்டி பத்தே நாளில் மறுபடி புகைகிறது, ஸ்பேர் சரியில்லை என்று கடைக்காரரிடம் சண்டை போடுகிறார்களே, அதில் பாதி இந்த விளிம்பை எடுக்காத கேஸ்தான் என்கிறார் அண்ணாச்சி. லேத் பட்டறையில் 500 ரூபாய்க்கு அளவெடுத்து, விளிம்பையும் ரீமர் விட்டு எடுத்துக் கொடுத்தார்கள்.

அடுத்து சிலிண்டரின் பளபளப்பை எடுக்க ஹோனிங். பளிங்கு மாதிரி இருக்கும் சுவரில் ஆயில் நிற்காது, புது ரிங்கும் பதியாது. குறுக்கும் நெடுக்குமாகச் சன்னமான கீறல் விழ வேண்டும். அதைச் செய்துவிட்டு, சிலிண்டரைப் பெட்ரோலில் கழுவி, பனியன் வேஸ்ட்டால் துடைத்து, பிஸ்டனை இறக்கத் தயாராக உட்கார்ந்திருந்தேன். அண்ணாச்சி டீ குடிக்கப் போயிருந்தார். அப்பா வந்தார். சிலிண்டரைக் குனிந்து பார்த்துவிட்டு, தோளில் இருந்த வெள்ளைத் துண்டை உள்ளே விட்டு ஒரு சுழற்றுச் சுழற்றினார். துண்டு சாம்பல் நிறமாக வந்தது. "ஏலே, விளக்கின பாத்திரத்தை நான் இப்படித்தான் பார்ப்பேன்" என்றார்.

எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. அந்தச் சாம்பல் அத்தனையும் ஹோனிங் கல்லின் பொடி. பெட்ரோலும் மண்ணெண்ணெயும் எண்ணெய்ப் பிசுக்கைக் கரைக்கும், கல்பொடியைக் கீறலுக்குள்ளேயே விட்டுவிடும். அப்படியே மாட்டியிருந்தால் புது ரிங்கும் புது பேரிங்கும் சில நூறு கிலோமீட்டரில் அரைபட்டிருக்கும். பதினைந்தாயிரமும் போச்சு, தை முகூர்த்தமும் போச்சு. அப்பாவின் அடுப்பிலேயே வெந்நீர் வைத்து, சோப்புத் தூள் போட்டு, பிரஷ்ஷால் நான்கு தடவை தேய்த்துக் கழுவினேன், துண்டு வெள்ளையாகவே திரும்பி வரும்வரை. கழுவி உலர்ந்த உடனே ஆயில் தடவிவிட வேண்டும். கொஞ்சம் அசந்தால் துருப் பிடிக்கும்.

கிராங்க் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கிராங்க் பின்களின் ஓவல் 0.02 மில்லிமீட்டருக்குள் இருந்தது. எனவே கிரைண்டிங் வேண்டாம், பிக் எண்ட் பேரிங் மட்டும் ஸ்டாண்டர்டு அளவில் புதுசு. மெயின் பேரிங் மூன்றும் கழற்றிப் பார்த்து, நன்றாக இருந்ததால் அப்படியே விட்டோம். அங்கே ஒருவர் வந்து, "பேரிங் எதுக்கு வாங்குறீங்க? கேப்பை ரெண்டு ராவு ராவி, அடியில தகடு வச்சா டைட்டாயிடும்" என்று யோசனை சொன்னார். தயவுசெய்து இதை யாரும் செய்யாதீர்கள். கேப்பை ராவினால் வட்டம் வட்டமாக இருக்காது, பின்னாளில் நல்ல பேரிங் போட்டாலும் உட்காராது. ஐந்நூறு, ஆயிரத்தை மிச்சம் பிடிக்கப் போய் கனெக்டிங் ராடையே தூக்கிப் போட வேண்டிவரும். புகையை நிறுத்தும் என்று டப்பாவில் விற்கிற மருந்தும் இதே ரகம்தான்.

ஹெட்டில்தான் கொஞ்சம் தர்க்கம். எரிந்த ஒரு வால்வுக்கு மட்டும் கடினமான புதுச் சீட் பதித்தால் போதும், செலவு குறையும் என்றேன் நான். மற்ற மூன்று எக்ஸாஸ்ட்டும் இதே பெட்ரோலில்தானே ஓடுகிறது என்று அண்ணாச்சி கேட்டார். அப்பா, "பந்தியில ஒருத்தனுக்கு மட்டும் பாயசம் ஊத்தினா நல்லா இருக்குமா? நாலுக்கும் போடு" என்று முடித்துவிட்டார். போரிங்கில் மிச்சமானது இங்கே போனது. நான்கு சீட்டுக்கும் வேலையோடு 2,400. ஒரு வால்வு, கைடுகள், சீல் 1,300. மற்ற வால்வுகளைப் பேஸ்ட் போட்டு நானே லேப்பிங் செய்தேன். இரண்டு உள்ளங்கையும் காய்த்துப் போனது. வால்வுக் குழிக்குள் பெட்ரோல் ஊற்றிப் பார்த்து, போர்ட் பக்கம் கசியவில்லை என்றால் சரி.

மற்ற கணக்கையும் சொல்லிவிடுகிறேன். ரிங் செட் 1,800, கேஸ்கெட் செட் 1,100, பிக் எண்ட் பேரிங் 900, ஆயிலும் ஃபில்டரும் 1,900. பிளக், பாயிண்ட், பெட்ரோல் ஹோஸ், பம்ப் டயாஃப்ரம் 1,200. இந்தக் கடைசி இரண்டையும் விட்டுவிட நினைத்திருந்தேன். இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலந்து வருகிறது. பழைய ரப்பரை அது கெடுக்கும். சூடான எஞ்சின் மேல் பெட்ரோல் சொட்டினால் அப்புறம் புகையைப் பற்றிக் கவலைப்பட வேண்டியிருக்காது. லேத் பட்டறையும் அண்ணாச்சி கூலியும் சேர்த்து மொத்தம் 14,100. விலைகள் எங்கள் ஊர்க் கடையில் நான் கொடுத்தவை, உங்கள் ஊரில் கூடக் குறைய இருக்கும்.

டேப்பெட் சரி செய்ய ஒரு கணக்கு. வால்வு எட்டு. நீங்கள் சரி செய்ய வேண்டிய வால்வின் எண்ணை 9-இலிருந்து கழியுங்கள். வருகிற எண்ணுள்ள வால்வு முழுக்க அமுங்கித் திறந்திருக்கும்போது இதைச் சரி செய்யலாம். எட்டு திறந்திருந்தால் ஒன்று, ஆறு திறந்திருந்தால் மூன்று. இடைவெளி 0.015 அங்குலம், பட்டறையில் '15 தௌ'. டயல் இல்லை, மார்க் இல்லை, மனப்பாடம் மட்டும் போதும்.

போகிப் பண்டிகை அன்று ஸ்டார்ட் செய்தோம். ஊரே புகையாக இருந்ததால் எங்கள் புகை இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை! அரை மணி நேரத்தில் கேரியர் அண்டாக்களோடு வண்டியை ரோட்டுக்கு எடுத்துவிட்டோம். புது ரிங்கை ஐடிலில் வைத்துத் தாலாட்டக்கூடாது. வாயு அழுத்தம்தான் ரிங்கைச் சுவரோடு சேர்த்து அழுத்திப் பதிய வைக்கிறது. எனவே மிதமான லோடு, வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் ஓட்டுவது. மறுநாள் எஞ்சின் ஆறியபின் ஹெட் நட்டுகளை டார்க் ரெஞ்ச் வைத்து மறுபடி இறுக்கி, டேப்பெட்டை இன்னொரு தடவை பார்த்தோம். 500 கிலோமீட்டரில் ஆயில் மாற்றினோம். அதற்குப் பணம் முதல் முகூர்த்தக் கூலியிலிருந்து.

கம்ப்ரஷன் இப்போது நான்கிலும் 130-க்கும் 138-க்கும் இடையில் நிற்கிறது. புகைப் பரிசோதனையில் இந்த மாதிரிப் பழைய வண்டிகளுக்குக் கார்பன் மோனாக்சைடு 3 சதவீதம் வரை அனுமதி, அதற்குள் வந்து சான்றிதழும் வாங்கியாகிவிட்டது. 1,000 கிலோமீட்டர் ஓடியும் டிப் ஸ்டிக்கில் கால் அளவுகூட இறங்கவில்லை.

ஒன்று மட்டும் நிற்கவில்லை. இந்த எஞ்சினின் கிராங்க் பின்பக்கத்தில் ரப்பர் சீல் கிடையாது, ஆயிலைத் திருப்பி அனுப்பும் மரைதான். நிறுத்தி வைத்தால் ராத்திரிக்கு நாலு சொட்டு விழும். அப்பா ஒரு பழைய தாம்பாளத்தை அதற்கென்றே ஒதுக்கியிருக்கிறார். காலையில் வண்டி எடுக்கும்போது அதை எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னிக்கு அஞ்சு" என்பார்.